ஒட்டாத எழுத்து

"ஏளு" என்றது என் வாய். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னார் பல் மருத்துவர் இசக்கியப்பன். ஆறு வரை ஒழுங்காகத்தான் வந்தேன். அடுத்த படியில் நா வழுக்கிற்று, வழுக்கிய நா ஒட்டக் கூடாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது, மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "சூப்பர் ஆச்சி, கண்ணாடி மாதிரி தெளிவா வருது" என்றார் அவர். தெளிவாம். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த ஊரே அந்த எழுத்தைக் கைகழுவி நெடுநாளாயிற்று; வாளப்பளம் கேட்டு வாங்குகிறது, களுதை என்று வைகிறது, கோளி கூவி எழுந்திருக்கிறது. "பிளேட்டைக் களட்டிராதிய. பத்து நிமிசம் வாயிலயே கெடக்கட்டும், பளகிரும். அந்த ரூம்ல ஒரு கடவாப்பல்லு காத்துக்கெடக்கு, பிடுங்கிட்டு வந்துருதேன்" என்று சொல்லித் தம் கைப்பேசியைக் கருவிகள் பரப்பிய தட்டின் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போனார். நாற்காலி என்னைப் பாதி மல்லாத்தி வைத்திருக்கிறது. தலைக்கு மேலே அணைக்காத விளக்கு. வாய்க்குள்ளே, மேலண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, ஈறு நிறத்தில், பொய்ப்பல் வரிசை தாங்கிய ஓர் அந்நியக் கூரை. காலடியில் முக்காலி போட்டு அமர்ந்திருக்கிறாள் உலகம்மை, என் தம்பியின் மகள், என் கைப்பையையும் தன் கைப்பையையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு. "அத்தை, எவ்வளவு அளகா இருக்கு தெரியுமா? ஒட்டிப்போன கன்னம் உப்பி வந்துட்டு. நாளைக்கு ரேடியோக்காரவ போட்டோ எடுத்தாலும் கவலையில்ல" என்கிறாள். அளகாம். அழகு என்ற சொல்லை அழகில்லாமல் சொல்வதற்கு இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாளை காலை வானொலி நிலையத்தில் நேரடி ஒலிபரப்பு. நான் ஒரே ஒரு வரி பாட வேண்டும். அந்த வரியில் ஒரே ஓர் எழுத்து. எட்டு வயதில் என்னிடமிருந்து பிடுங்கப்பட்ட அந்த ஓர் எழுத்தைத் திரும்பக் காற்றில் வைப்பதற்காகத்தான் இந்தப் பழங்கட்டை இத்தனை காலம் எரியாமல் கிடந்தது என்று நான் நம்பியிருந்தேன். இன்று வாய் ஏளு என்கிறது.

நாவை மெல்ல மடித்துப் பார்க்கிறேன். உதட்டைத் திறக்காமல், சத்தம் எழுப்பாமல், நுனியை மேலே வளைத்துப் பின்னுக்கு இழுக்கிறேன். இதோ, இடிக்கிறது. அண்ணம் இருக்க வேண்டிய உயரத்தில் அண்ணம் இல்லை, கீழே இறங்கி வந்து நிற்கிறது, நெருங்கி நிற்க வேண்டிய நா முட்டிக்கொண்டு நிற்கிறது. பூச்சு மருந்தும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு நெடி, நாக்கின் அடி வரை. இதே இடத்தில்தான் அப்பா தேன் வைப்பார். மலைத்தேன், சிறிய பித்தளைக் கும்பாவில். மோதிர விரலின் நுனியில் ஒரு பொட்டுத் தொட்டு, என் வாயைத் திறக்கச் சொல்லி, அண்ணத்தின் வளைவு உச்சியில், இதோ இப்போது பிளாஸ்டிக் கசக்கிற இதே புள்ளியில் அப்பிவிடுவார். "தேனை நாடு; ஒட்டாதே." அவ்வளவுதான் பாடம். நா அந்தத் தேனை நோக்கிச் செல்ல வேண்டும், அதன் இனிப்பின் வாடை நுனியில் படும் அளவுக்கு நெருங்க வேண்டும், தொடக் கூடாது. அங்கே நின்றபடி குரலை விட வேண்டும். நக்கிவிட்டால் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆறு வயதுக் குழந்தைக்கு அண்ணத்தில் தேனை வைத்துவிட்டுத் தொடாதே என்பவர் தந்தையா, சூரனா? அடித்ததில்லை, அதட்டியதில்லை, அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். தாணுமாலயம் பிள்ளை என்றால் அந்நாளில் இந்த ஊரில் தமிழுக்கு மறுபெயர். பள்ளிக்கூடத்தில் இலக்கணம், சன்னிதியில் பதிகம், வீட்டில் நான். ஓதும்போது ஓர் எழுத்துத் தப்பினாலும் பதிகத்தை முதலடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை. பத்தாம் பாட்டின் கடைசிச் சீரில் தப்பினாலும் முதலடிதான். பலகாரம் ஆறிப்போகும், பள்ளிக்கூட மணி அடித்துவிடும், அப்பா அசையமாட்டார். "மத்த எழுத்தெல்லாம் ஓடிப்போய் அண்ணத்தின் காலில விழும் அறம், இது ஒண்ணுதான் பக்கத்தில நின்னு கும்பிடும்" என்பார். அறம் என்றால் நான். அறம்வளர்த்தாள்.

பிளேட்டு என்றார் டாக்டர். அந்தச் சொல்லைக் கேட்டபோதே என் நெஞ்சில் ஏதோ கீறிற்று; அப்போது அது என்னவென்று விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. அதையும் பிளேட்டு என்றுதான் சொன்னார்கள். இசைத்தட்டு என்று பத்திரிகையில் எழுதினார்களே தவிர, வாயில் வழங்கியது பிளேட்டுத்தான். "தாணுமாலயம் பிள்ளை மகள் பிளேட்டு குடுத்திருக்காளாம்" என்று தெருவே சொல்லிற்று. ஒரு பிளேட்டு பறித்ததை மீட்கக் காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து பல்லெல்லாம் உதிர்ந்தபின் இன்னொரு பிளேட்டு வந்து அதே எழுத்தை அதே இடத்தில் மறிக்கிறது. முருகா, இது உன் விளையாட்டென்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன பாடினேன் என்பதையாவது நினைவில் வைத்திருக்கிறாயா? அந்தப் பாட்டை அப்பா எழுதியதே என் நாவுக்காகத்தான். மூண்ட வினையெல்லாம் அழிப்பாய் முருகா, மூளும் வினையெல்லாம் அழிப்பாய். புலமை காட்ட எழுதியதல்ல. மூளும் என்பதில் நா ஒட்ட வேண்டும், அழிப்பாய் என்பதில் ஒட்டக் கூடாது. ஒட்டும் எழுத்தையும் ஒட்டா எழுத்தையும் ஒரே வரியில் அருகருகே நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே என் நாவை நடக்கவிட்டார். கயிற்றின்மேல் நடப்பது போல் நடந்தேன். நடந்து தேறினேன். தேறியதும் திருச்சிக்கு அழைத்துப் போனார், வானொலியில் சிறுவர் நிகழ்ச்சிக்கு. ஜமுக்காளம் விரித்த அறை, என் உயரத்துக்கு இறக்கி வைத்த மைக்கு, தொண்டைக்குப் பனங்கற்கண்டு. கண்ணாடிக்கு அப்பால் அப்பா இல்லை, அவரை வெளியே பார்வையாளர் கூடத்தில் உட்கார்த்திவிட்டார்கள். அங்கே சுவரில் இருந்த பெட்டியில்தான் அவர் என்னைக் கேட்டார். நான் வெளியே ஓடி வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், மேல்துண்டு இடுப்பில் கட்டியிருந்தது, சன்னிதியில் நிற்பதைப்போல. "ஒட்டலட்டி" என்றார். "ஒட்டவே இல்ல." அதற்கு முன்பும் பின்பும் என்னை அவர் பாராட்டியதில்லை. நான் சரியாகப் பாடிய அந்த ஒரு நாள் நேரே காற்றுக்குப் போயிற்று. அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. எங்கே இருக்கிறது அது? ஆகாயத்தில் ஒலி அழிவதில்லை என்று சாத்திரம் சொல்லும். இருந்து யாருக்கு என்ன பயன்? பிழைக்குக் கருப்பு அரக்குத் தட்டில் உடம்பு கிடைத்தது, கடைதோறும் விற்றது, கோயில்தோறும் குடியேறியது.

அடிக்கிறது. கருவித் தட்டின் ஓரத்தில் டாக்டரின் கைப்பேசி நடுங்கிக்கொண்டே ஒலிக்கிறது, ஆர்மோனியம், தபலா, பிறகு அந்தக் குரல். என் குரல். மூண்ட வினையெல்லாம் அளிப்பாய் முருகா. "ஐ, அத்தை, ஒங்க பாட்டு!" என்று கை தட்டுகிறாள் உலகம்மை. "டாக்டரோட அம்மா கூப்பிட்டா மட்டும் இது அடிக்குமாம், வெளிய சீட்டு எளுதுத அந்தப் பிள்ள சொல்லுச்சு. வெரல் பட்டா நின்னுரும், எடுக்கவா?" எடு, அணை, உடை என்று சொல்லக் கையை வீசுகிறேன், அவள் அதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டு தலையசைத்துக் கேட்கிறாள். மூளும் வினையெல்லாம் அளிப்பாய். கேளுங்கள், கேளுங்கள், இனிமேல் மூளப்போகிற வினையெல்லாம் எனக்குத் தா என்று ஒரு குழந்தை தேனொழுகக் கேட்கிறது, கேட்டவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அழி என்பதற்கும் அளி என்பதற்கும் நடுவே நாவுக்கும் அண்ணத்துக்கும் உள்ள ஒரு மயிரிடைதான். அந்த இடைவெளியில்தான் நரகமும் வீடும். மழலையாம். மழலை என்ற சொல்லின் நடுவிலேயே அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது, மழலை பேசுகிறவளால் மழலை என்று சொல்லவே முடியாது, இதைக்கூடவா அந்த மனிதர் யோசிக்கவில்லை? தேசிகாமணி. கம்பெனியின் பாட்டுப் பொறுப்பாளர், பட்டு ஜிப்பா, மூக்குப்பொடி டப்பா, சென்னையில் சாக்குத் திரை தொங்கவிட்ட அந்தப் புழுக்க அறை. முக்காலியின்மேல் என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒத்திகையில் நான் கயிற்றின்மேல் நடந்ததுபோல அந்த வரியை நடந்து முடித்தேன். அவர் கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினார். "இது நான் கேட்ட குழந்தை இல்லையே, பிள்ளைவாள். உங்க ஊர்த் தைப்பூசத்துல பாடித்தே, அந்தக் குரல்ல ஒரு மழலை இருந்ததே, தேன் மாதிரி. அது எங்கே?" அப்பா பெருமையாகத்தான் சொன்னார், பாவம்: "அது குறை ஐயா. உட்கார்ந்து திருத்தியிருக்கேன்." "யார் உம்மைத் திருத்தச் சொன்னா? ஊர்ல நன்னாப் பாடற குழந்தை ஆயிரம் இருக்கு. அந்த மழலைக்காகத்தானே இவ்வளவு தூரம் வரவழைச்சேன்? பாப்பா, அளிப்பாய்னு பாடு, பாப்போம்." அப்பாவின் முகம் சிவந்தது. "ஐயா, அழிப்பாய் அளிப்பாய் ஆகிவிட்டால் பொருளே கவிழ்ந்துபோகும். வினையை ஒழி என்று வேண்டுகிற பாட்டு, வினையைக் கொடு என்று வேண்டும்." தேசிகாமணி பொடியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "பொருளை யார் கேக்கறா பிள்ளைவாள்? குரலைன்னா கேக்கறா. குழந்தை என்ன கேக்கறதுன்னு சுவாமிக்குத் தெரியாதா?"

அதற்கு அப்பா பதில் சொல்லியிருக்க வேண்டும். சுவாமிக்குத் தெரியும் என்றால் எழுத்து எதற்கு, இலக்கணம் எதற்கு, என் மகளின் அண்ணத்தில் நான் வைத்த தேன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வா அறம், போவோம் என்று என்னை முக்காலியிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். அவரோ சுவரோரமாய்ப் போய் அமர்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, ஆர்மோனியம் எடுத்தது, தபலா சேர்ந்தது, நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார். ஆட்டினார் என்றுதான் நினைவு. ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே. எட்டு வயதில் தந்தையின் தலை அசைந்தால் அதுவே மறை, பாடினேன். நா தானாகப் போய் ஒட்டிக்கொண்டது, பழைய வீட்டுக்குத் திரும்பிய பூனைபோல. ஆனால் அந்தத் தலை ஏன் அசைந்தது? வாத்தியம் தொடங்கிவிட்டதே, அவர் எப்போதும் தாளத்துக்குத் தலையசைப்பவர்தானே, அது தாளத்துக்கு அசைந்ததா? அப்படியானால் நான் அல்லவா தவறாக வாசித்தேன்? இல்லை, இல்லை, தாளம் என்றால் கையும் தொடையில் விழ வேண்டும், கை மடியில் கிடந்தது, நான் பார்த்தேன், கை மடியில்தான் கிடந்தது. பார்த்தேனா? தம் பெயர் பிளேட்டில் அச்சாகும் என்ற ஆசையா? தாணுமாலயம் பிள்ளைக்கா, எழுத்துக்காகப் பலகாரத்தை ஆறவைத்தவருக்கா? ஆசை இல்லாவிட்டால் அச்சமா? பட்டு ஜிப்பாவுக்கு அஞ்சினாரா? ஊருக்குத் திரும்பி வந்தபின் அந்தத் தேன் கும்பா அடுக்களைக்குப் போயிற்று, மருந்து குழைக்க ஆயிற்று. அதன்பிறகு என் அண்ணத்தில் அவர் விரல் படவே இல்லை. பதிகம் ஓதுகையில் நான் எழுத்துத் தப்பினால்கூட முதலடிக்குப் போ என்று சொல்வதை விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தவறு செய்தவர் அவர்; திருத்தப்படும் தகுதியை இழந்தவள் நான். விளம்பரத்தில் பெயரையாவது ஒழுங்காகப் போட்டார்களா? பேபி அரம். அறமில்லை, அரம். இரும்பை ராவுகிற அரம். நல்லதாயிற்று, அந்த நாள் முதல் உள்ளே எதையோ ராவிக்கொண்டேதான் இருக்கிறேன்.

குரல் நின்றுவிட்டது. அழைத்து ஓய்ந்துவிட்டார் டாக்டரின் தாயார். விளக்கின் சூடு நெற்றியில் இறங்குகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, விழுங்கும்போது கூரையும் சேர்ந்து அசைகிறது. புகுந்த வீட்டில் விருந்தினர் வந்தால் மாமியார் கூப்பிடுவார்: "ஏளா, அந்த அளிப்பாய் பாடு, பிளேட்டுல உள்ள மாதிரி." கையில் காப்பித் தட்டோடு, பட்டுச் சேலையோடு, வளர்ந்த பெண் நான் கொன்னிக் காட்ட வேண்டும். ஒருநாள் துணிந்து அழிப்பாய் என்று சரியாகப் பாடினேன். "பாவம், பாட்டு மறந்துட்டு அவளுக்கு" என்றார் வந்திருந்த மைனியார் ஒருவர். மறந்துவிட்டதாம்! ஊரறிந்த பாட்டில் அதைப் பாடியவளே பிழை செய்கிறாளாம். அதன்பின் பாடுவதையே நிறுத்தினேன். நான் நிறுத்தினால் என்ன, அவள் நிறுத்தவில்லையே, அந்த எட்டு வயதுக்காரி. மார்கழியில் குழாய் ஒலிபெருக்கியில், பிறகு ஒலிநாடாவில், பிறகு குறுந்தட்டில், இப்போது கைப்பேசிகளில். நான் குளித்து நீறணிந்து ஓத அமர்வதற்கு முன்பே அவள் எழுந்து தெருக்கோயிலில் கேட்டு முடித்துவிடுகிறாள்: அளிப்பாய், அளிப்பாய். அவன் அளித்தான். நிறைமாதத்தில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வெறும் மடியை அளித்தான். நல்ல மனிதர் என் கணவர், தாமிரபரணியில் குளிக்கப் போனவரை ஈரத்தோடு தூக்கி வர அளித்தான். தம்பியின் கண்ணை மூடி உலகம்மையை என்னிடம் அளித்தான், அந்த ஒன்றை மட்டும் வினையென்று சொல்ல மனம் வரவில்லை. ஒருமுறை மடத்தில் ஒரு பெரியவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "உள்ளத்தைப் பார்ப்பானேயன்றி உதட்டைப் பார்ப்பானா தாயே" என்றார். பகலில் அந்த விடை போதுமாக இருந்தது. விளக்கணைந்தபின் போதவில்லை. உதட்டைப் பார்க்காதவன் என்றால் நம் அடியார்கள் ஏன் சொல் சொல்லாக அளந்து வைத்தார்கள்? கேட்டதைக் கேட்டபடி தருபவன் என்றுதானே அவர்கள் எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள்? அப்படியானால் அவன் என்னைத் தண்டிக்கவில்லை. ஒரு குழந்தை விரும்பிக் கேட்டதை அன்போடு கொடுத்துக்கொண்டிருக்கிறான். இதைவிடக் கொடிய எண்ணம் ஒன்று உண்டா? அப்பா இறுதியாகப் படுத்திருந்தது ஒரு மார்கழி. விடியலில் அவள் பாடத் தொடங்கினாள். அப்பா கண்ணைத் திறக்காமல், "ஜன்னலைச் சாத்து" என்றார். அவ்வளவுதான். சாத்தினேன். பனிக்காகச் சொன்னாரா, பாட்டுக்காகச் சொன்னாரா? ஏன் அப்பா, உங்கள் தலையசைவுக்கும் உரை கிடையாது, உங்கள் கடைசிச் சொல்லுக்கும் உரை கிடையாது. ஊருக்கெல்லாம் பதவுரை சொன்னீர்களே, எனக்கு ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

"அத்தை, முளிச்சிட்டுத்தான் இருக்கியளா?" உலகம்மை என் முழங்காலைத் தட்டுகிறாள். "அந்த ரேடியோப் பொண்ணு மறுபடியும் மெசேஜ் போட்டிருக்கு. அந்த மளலைய மட்டும் மறந்துராதீங்கம்மான்னு. அதுதான் நிகள்ச்சியோட உயிராம்." அதைத்தான் போன வாரம் தொலைபேசியிலும் கேட்டாள் அந்தப் பெண், நல்ல குரல், நல்ல பணிவு, சென்னைப் பக்கத்துப் பேச்சு: "நீங்க அந்த அளிப்பாயை அப்படியே குழந்தை மாதிரி ஒரு தடவை பாடிக் காட்டினீங்கன்னா, கேக்கறவங்க கண்ணு கலங்கிடும்மா." பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்ற சொல்லுக்குள் என்ன கத்தியை ஒளித்து வைத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நேரடி ஒலிபரப்பு, ஒருவரும் இடையில் கையை உயர்த்தி நிறுத்த முடியாது, சிவப்பு விளக்கு எரிந்தபின் அந்த அறை எனக்கே சொந்தம். அழிப்பாய் என்று ஒருமுறை, இந்த உலர்ந்த தொண்டையால், ஊர் கேட்க, அவன் கேட்க. இத்தனை காலம் அவள் கேட்டதையெல்லாம் ஒரே சொல்லால் திரும்பப் பெற்றுக்கொண்டு முதலடியிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டு முறை. மறுபடி முயல்கிறேன். நாவைச் சுருக்கி, நடுவில் குழித்து, எவ்வளவு தாழ்த்த முடியுமோ தாழ்த்தி, நுனியை மட்டும் தூக்கி மெல்ல, உலகம்மைக்குக் கேட்காமல்: அளி. இல்லை. அளி. இன்னும் தாழ்த்தி: அயி. சீ. வாய் நிறைய எச்சில், கண்ணில் நீர், இது அழுகையன்று, கோபம். "என்ன அத்தை முனங்குதிய? வலிக்கா?" "களட்டு" என்கிறேன். என் வாயிலிருந்து வருகிறது அந்தச் சொல். களட்டு. அவள் சிரிக்கிறாள். "பாத்தியளா, இப்பதான் நீங்க எங்கள மாதிரி பேசுதிய. சின்னப் பிள்ளையில எங்கள எவ்வளவு பாடாப் படுத்துனிய, வாளப்பளம் சொல்லு, வாளப்பளம் சொல்லுன்னு, பளத்தைக் கண்ணுல காட்டாம." காட்டவில்லைதான். நானும் அண்ணத்தில் தேன் வைத்தவரின் மகள்தானே. "பல்லில்லாம அங்க போயி நின்னா எப்படி அத்தை இருக்கும்? இப்பம்லாம் ரேடியோன்னாலும் போட்டோ பிடிச்சு எல்லாத்துலயும் போட்டிருதாவ. பொக்கை வாயோடயா?" என்கிறாள், கெஞ்சலாக. முகம். அன்றைக்கும் முகம்தான் கேட்டார்கள்: முன்பல் விழுந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள், பாடுகிற பிள்ளையை வாய் மூடிய நிலையில்.

டாக்டர் உள்ளே வருகிறார், கையுறையை மாற்றிக்கொண்டே. "என்ன ஆச்சி, பளகிட்டா? எங்க, இன்னொரு தரம் எண்ணுங்க பாப்போம்." நான் எண்ணவில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் வாய்க்குள் விட்டு அந்தக் கூரையைப் பிடித்து இழுக்கிறேன். விட மாட்டேன் என்கிறது, உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது, "ஐயையோ ஆச்சி, பைய, பைய" என்று அவர் குனிவதற்குள் சப்பென்று கழன்று கையோடு வருகிறது, எச்சில் நூல் தாடையில் தொங்க. கருவித் தட்டில், அவருடைய கைப்பேசியின் பக்கத்தில் வைக்கிறேன். என்ன குளிர்ச்சி வாய்க்குள்! அடைத்துக் கிடந்த கருவறைக் கதவைத் திறந்ததைப் போல அண்ணத்தில் காற்றுப் படுகிறது. "ஏழு" என்கிறேன். ஏழு. அந்த ஓர் எண்ணை மட்டும். "நடுவில ரொம்ப தடிப்பா இருக்கோ?" என்கிறார் அவர், பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "ராவிக் குடுத்துருதேன் ஆச்சி. ஆனா இன்னிக்கு முடியாது, அடுத்த வாரம் வாங்க. நாளைக்கு ஒரு நாள் இதையே மாட்டிட்டுப் போய்ட்டு வந்துருங்க. யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது. பொருளை யார் கேக்கறா பிள்ளைவாள். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தேசிகாமணி, இவர் நல்லவர், தாயார் அழைத்தால் என் பாட்டை ஒலிக்க வைப்பவர், ஆனால் அதே சொல். "நாளைக்கு இது வேண்டாம்" என்கிறேன். "அத்தை!" என்கிறாள் உலகம்மை. "பாடுறதுக்குத் தொண்டையும் நாக்கும் போதும்ட்டி. பல்லு கடிக்கத்தான். நாளைக்கு நான் யாரையும் கடிக்கப் போகல." "அப்ப போட்டோ?" "வாயை மூடிக்கிடுதேன். பழக்கம்தான்." டாக்டர் சிரித்துவிடுகிறார். சிரித்து முடிப்பதற்குள் நான் பாடிவிடுகிறேன். நினைத்துப் பாடவில்லை, நாற்காலியில் பாதி மல்லாந்த நிலையில், சுருதியுமில்லை, தாளமுமில்லை, ஈறுகளுக்கிடையே காற்றுச் சிந்துகிறது, சகரமும் தகரமும் எப்படி ஆனாலும் ஆகட்டும்: மூளும் வினையெல்லாம் அழிப்பாய்.

டாக்டர் புருவத்தைச் சுருக்குகிறார். "என்ன ஆச்சி, கடேசில என்னமோ மாறுதே? பாட்டுல அளிப்பாய்னுல்லா வரும்? எங்கம்மா தெனமும் சொல்லுவாவளே." என் கோபம் முழுவதும் திரண்டு நாவின் நுனிக்கு வருகிறது; வந்ததும், சொல்லாக வெளியேறாமல், அங்கேயே நின்றுகொள்கிறது. காதில்லாதவரிடம் கத்தி என்ன பயன்? இவருக்குக் கண் இருக்கிறது. வாய்க்குள் பார்ப்பதே இவர் தொழில். "அந்தக் கண்ணாடியை எடுங்க" என்கிறேன். "விளக்கைக் கிட்டக் கொண்டுவாங்க. உள்ள பாருங்க." அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் கை பழகிய பழக்கத்தில், நீண்ட கம்பியில் பொருத்திய அந்தச் சிறு கண்ணாடியை எடுத்து என் கன்னத்தை ஒதுக்குகிறார். விளக்கு கீழே இறங்குகிறது. அண்ணத்தில் சூடு படுகிறது, அதே உச்சியில், அதே புள்ளியில். அப்பாவின் மோதிர விரலுக்குப் பிறகு அங்கே வந்தடைந்தது இந்த வெளிச்சம்தான். நாவை மடிக்கிறேன். தூக்குகிறேன். பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு, இனிப்பின் வாடை நுனியில் படும் அளவுக்கு, அங்கே நிறுத்துகிறேன், நிறுத்திக்கொண்டு குரலை விடுகிறேன், அந்த ஓர் எழுத்தை மட்டும், மூச்சுள்ள மட்டும் நீட்டி. உலகம்மையும் முக்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறாள். நாளை இது காற்றுக்குப் போகும், அப்பா. எங்கே இருந்தாலும் கேளுங்கள். பனி என்று சொல்லி எந்த ஜன்னலையும் சாத்தச் சொல்லாதீர்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

"அட" என்கிறார் டாக்டர், கண்ணாடியை இன்னும் சாய்த்துக் குனிந்து. "ஒட்டலையே ஆச்சி."